பாரமில்லாத கட்டை

1992 தை 9, வியாழன்

காலைப் பூசை முடிந்து திரும்பும் வழியில் இராணுவ ஹெலிகொப்டரின் ஓசை கேட்டது. கோவில் மதிலோடு ஒட்டி நின்று, ஒரு பரலோக மந்திரத்தைச் சொல்லி முடிக்குமட்டும் அசையவில்லை. ஓசை மண்டைதீவுப் பக்கமாகத் தேய்ந்து போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால், முற்றத்து முருங்கையில் காய்க்கிற கிளை தறிபட்டுக் கிடக்கிறது.

“கேளுங்கோ உங்கடை மகளை,” என்றாள் மனைவி மார்கிரட். “இஞ்சினியருக்கு முருங்கைக்காய் வேண்டாமாம். கட்டைதான் வேணுமாம். இனிக் குழம்புக்குச் சிராய் போட்டுத் தாறன், சப்புங்கோ.”

மக்டலீன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கிளையைச் சீவித் தகடு தகடாக வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

பேராதனையில் இறுதி ஆண்டுப் பொறியியல் மாணவி அவள். விடுமுறைக்கு வந்தவளை யுத்தம் பாதையை அடைத்து இங்கேயே நிறுத்திவிட்டது. பட்டத்துக்கு ஒரு வேலைதான் மிச்சம். எஞ்சின் இல்லாத சிறு விமானம் ஒன்றைத் தன் கணக்குப்படி அமைந்த சிறகோடு கட்டிப் பறக்கவிட்டு, அதன் பறப்பை அளந்து காட்ட வேண்டும். அதைக் கொண்டு வந்தால் வைகாசிப் பரீட்சையில் சேர்ப்போம் என்று பேராசிரியர் ஆள்மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். உடலும் வாலும் அவள் அங்கிருந்து கொண்டுவந்த பால்சாக் கட்டையில் முடிந்துவிட்டன. சிறகுக்குக் கட்டை இல்லை.

பால்சா கடல்கடந்த நாட்டு மரம். பஞ்சுபோலப் பாரம் அற்றது; ஆனால் பஞ்சுபோலத் துவளாதது. கொழும்புக் கடைகளில் தகடாக விற்பார்களாம். சவர்க்காரமும் பற்றரியும் வராத குடாநாட்டுக்குள் அதை யார் கொண்டுவருவார்?

பேழை கட்டச் சொன்ன சர்வேசுரன், எந்த மரத்தால் கட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். எனக்குச் சொல்லுவார் ஒருவரும் இல்லை.

தை 16, வியாழன்

முருங்கை தோற்றது. காய்ந்தவுடன் வள்ளத்தின் அணியம்போல் வளைந்துவிட்டது. குளத்தில் பிடுங்கிய நெட்டித் தண்டு விரல் பட்டாலே முறிகிறது. உரும்பிராயில் இராசநாயகம் என்றொரு புகையிலைத் தோட்டக்காரர். அவர் பிள்ளை மகளோடு படித்தவள். வேலியில் நின்ற முள்முருக்கை வெட்டிச் சைக்கிளில் கட்டித் தந்தார். அது வளையவும் இல்லை, முறியவும் இல்லை. மகள் அதைத் தட்டாரிடம் இரவல் வாங்கிய நகைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“இது பறக்காது அப்பு. விழும். வடிவா விழும்.”

மிச்சக் கட்டைகளை மார்கிரட் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தை 22, புதன்

வள்ளமும் வலையும் வைத்திருக்கும் பிலிப்புச் சம்மாட்டிக்கும் அவர் மைத்துனன் கிறிஸ்துநாயகத்துக்கும் ஒரு நங்கூரத்தைப் பற்றிப் பிணக்கு. வழக்கப்படி இருவரும் அந்தோனியார் சுரூபத்தின் முன் வந்து நின்றார்கள். கோவில் மூப்பர் என்ற முறையில் நான் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, அறிந்ததைச் சொன்னேன். நங்கூரம் பிலிப்பினுடையது. கிறிஸ்துநாயகம் ஒரு சொல்லும் மறுத்துக் கதையாமல் அதைத் தோளில் சுமந்து கொண்டுபோய்ப் பிலிப்பின் வாசலில் வைத்தான்.

மூப்பர் பாதம் தொட்டுச் சொன்ன சொல்லுக்கு இந்தக் கரையில் மறுசொல் கிடையாது. என் தகப்பனாருக்கு இருந்த தகுதி இது. என்னிடம் பழுதுபடாமல் வந்து சேர்ந்தது. எனக்கு அதிலே பெருமை உண்டு. பெருமை பாவம் என்பதும் தெரியும்.

மாசி 2, ஞாயிறு

மெழுகுதிரி இல்லாமல் மெழுகுதிரித் திருநாள். பங்குச் சுவாமி ஒரு திரியைக் கொளுத்தி எல்லோருக்கும் பொதுவென்று மந்திரித்தார். பூசை நடுவில் குண்டுபோடும் பொம்மர் வந்தது. திரி அணையவில்லை.

மாசி 11, செவ்வாய்

எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, அத்தனை மகிழ்ச்சி.

பிலிப்பின் வாடிக்குப் போயிருந்தேன். கடலுக்குப் போகத் தடை. அந்த ஓலைக் கொட்டில் முழுதும் வலைகள் வேலையற்றுத் தொங்குகின்றன. பழைய பெருவலை ஒன்றிலிருந்து ஒரு மிதப்புக் கட்டை அறுந்து நிலத்தில் கிடந்தது. தார் பூசிக் கறுத்து, சிப்பி ஒட்டி, பார்வைக்கு இரும்புக் குண்டு. வழியில் கிடக்கிறதே என்று ஒதுக்கி வைக்கத் தூக்கினேன். எதிர்பார்த்த பாரம் இல்லாமல் என் கை தோளுக்கு மேலே போய்விட்டது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. யப்பான்காரன் சண்டைக் காலத்தில், நான் இளந்தாரியாய் இருந்தபோது, ஏதோ ஒரு கப்பலின் உயிர்காப்பு மிதவை கரை ஒதுங்கிற்று. என் மாமனார் அதை மரவாளால் அரிந்து ஊருக்கெல்லாம் வலை மிதப்பாகப் பகிர்ந்து கொடுத்தார். கத்தியை எடுத்துத் தாரைச் சுரண்டினேன். உள்ளே பாலாடைபோல் வெள்ளை. நகத்தை வைத்தேன், பதிந்தது.

மகள் அதை வாங்கி மணந்து பார்த்தாள், சீவினாள், காதோடு வைத்துத் தட்டினாள். பிறகு அப்படியே முற்றத்து மண்ணில் இருந்துவிட்டாள்.

“அப்பு, இது உங்களுக்கு எங்கையிருந்து?”

“பிலிப்பின்ரை வலையிலை இருந்து.”

“ஐம்பது வருசமா மீன் பிடிச்சதோ இது!” என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

இந்நாட்களில் மகிழ்ச்சி வந்தால் உடனே வானத்தைப் பார்க்கிறேன்.

மாசி 14, வெள்ளி

பிலிப்பு தன்னிடமிருந்த அந்தப் பழைய மிதப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள விட்டார். நாள் முழுதும் தெரிவு செய்தோம். தார் வெடித்து நீர் இறங்கியவை சாம்பல் நிறமாய்க் கனக்கின்றன, அவை ஆகாது. நல்லவற்றிலும் இரண்டு வகை. அரிந்த முகம் மீன்செதிள்போல் மினுங்கினால் அது வளையாது. சிறகின் குறுக்கெலும்புகளுக்கு அதுவே வேண்டும். நேர்நாராய் ஓடினால் வளைந்து கொடுக்கும். சிறகின் நெற்றி விளிம்புக்கு அது. அந்திக்குள், தராசில் வைக்குமுன்னே கையில் எடுத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அம்மா, அப்புவின்ரை கை தராசு,” என்றாள் மகள்.

“அந்தத் தராசாலை ஒரு நாளாவது மீன் அறுத்துத் தந்தவரோ எண்டு கேள்,” என்றாள் மார்கிரட்.

மாசி 16, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் சனம் நின்றது. பிலிப்பு எல்லோருக்கும் கேட்கச் சத்தமாய்க் கேட்டார்: “மூப்பர், என்ரை பழைய மிதப்பெல்லாம் என்னத்துக்குப் பொறுக்கினியள்? கறி வைக்கவோ?”

விறகுக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பொய்யாகும் என்பது மட்டும் காரணமா? இல்லை. சொல்ல ஆசையாக இருந்தது. சிறகின் அளவையும், கட்டையின் வெண்மையையும், கையில் வைத்தால் வைத்ததே தெரியாது என்பதையும் கை நீட்டி நீட்டி விவரித்தேன். சுற்றி வளைத்து நின்று கேட்டார்கள்.

“அப்ப எங்கடை கரைக்கும் எயார்போட் வந்திட்டுது,” என்றான் கிறிஸ்துநாயகம். “மூப்பர், சன்னல் ஓரமா எனக்கொரு சீற்! நங்கூரத்தைத்தான் விட்டுக் குடுத்திட்டன், சீற்றை விடமாட்டன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து வேலிப் படலையைச் சாத்திய பிறகு மார்கிரட் சொன்னாள்: “கோவில் வாசல்லை கதைச்சது கடற்கரைக்குத் தெரியும். கடற்கரைக்குத் தெரிஞ்சது ஆருக்குத் தெரியாது?”

பங்குனி 1, ஞாயிறு

மிஞ்சிய துண்டுகளில் மகள் ஒரு சிறு மாதிரி கட்டினாள். கிணற்றுக் கட்டில் நின்று அதைப் பறக்கவிட்டாள். அது ஓசையின்றி முற்றத்தைக் கடந்து, வேலியைக் கடந்து, பக்கத்து வளவுக்குள் போயிற்று. உடனே அங்கே பக்கத்து வீட்டுக்காரி யோசப்பின் “ஐயோ, யேசுவே, பொம்மர்!” என்று அலறிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் விழுந்த ஓசை கேட்டது. மக்டலீன் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

“சத்தம் போடாமல் வாற பொம்மரை ஆரடி செய்யச் சொன்னது? சத்தம் கேட்டாலாவது ஓடலாம்!”

சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. சத்தம் போடாமல் பறப்பது. கோவில் வாசலில் நின்று இதைத்தானே நான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்?

பங்குனி 4, விபூதிப் புதன்

சுவாமி எல்லோர் நெற்றியிலும் சாம்பல் பூசினார். மகளின் நெற்றிக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

வந்துவிட்டார்கள்.

இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர், இரண்டு பேரோடு, சைக்கிளில். தன் பெயர் நிலவன் என்றார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல். அந்த மரியாதையே எனக்கு நடுக்கத்தைத் தந்தது.

“அக்கா, நீங்கள் செய்யிற பிளேனைப் பற்றிக் கேள்விப்பட்டம். சந்தோசம். எங்களிட்டையும் சில பேர் முயற்சி செய்யினம். பாரம் குறையுதில்லை. நீங்கள் வந்து காட்டித் தந்தால் நல்லது.”

“எவ்வளவு நாளைக்கு?” என்று மகள் கேட்டாள்.

“அதை நீங்கள் யோசிக்காதேங்கோ. சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் நாங்கள் பாப்பம்.”

“எனக்கு வைகாசியிலை பரீட்சை, தம்பி.”

“பரீட்சை எந்த வருசமும் வரும் அக்கா.”

மார்கிரட் பனங்கட்டியோடு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். “குடி தம்பி. அம்மா சுகமோ?” என்றாள். அவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, “கண்டு கன காலம்,” என்றார்.

எழும்பும்போது முடிவைச் சொன்னார். மாதக் கடைசிச் சனிக்கிழமை, உரும்பிராயில் புகையிலை வெட்டி வெறுமையாய்க் கிடக்கும் இராசநாயகத்தின் தோட்டத்தில் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். பறந்தால் மகள் அவர்களோடு போக வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. அக்காவின் உடுப்புகளை ஆயத்தமாய் வையுங்கோ என்று மட்டும் மார்கிரட்டிடம் சொன்னார்.

நான்தான். என் வாய்தான். கோவில் வாசலில், கை நீட்டி நீட்டி—

பங்குனி 12, வியாழன்

அந்தோனியார் மேல் ஒரு வெண்பா எழுத இருந்தேன். மூன்றடி வந்தது, ஈற்றடி வரவில்லை. வைத்த சொல்லெல்லாம் தளை தட்டுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்பவனுக்குச் சீர் எப்படிப் பிடிபடும்?

பங்குனி 17, செவ்வாய்

சிறகு முடிந்துவிட்டது. மகள் கிணற்றடிக்குப் போன வேளையில் அவள் அறைக்குள் போனேன். மேசைமேல் கிடந்தது. எலும்புகளின் மேல் மெல்லிய தாள் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவ, மீனின் விலாப்போல் இருந்தது. இரண்டு கையாலும் எடுத்தேன். எடுத்தேன் என்று கண் சொல்கிறது, கை சொல்லவில்லை.

முழங்காலில் வைத்து ஓர் அழுத்து. அவ்வளவுதான். பறவாது, பிள்ளை வீட்டில் இருப்பாள், பட்டம் போகும், உயிர் இருக்கும்.

அழுத்தவில்லை. என் கையால் தேடிய கட்டை. அவள் கண்ணீர் விட்ட கட்டை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான் கோழையாய் இருந்தது உடைக்க நினைத்தபோதா, உடைக்காமல் வந்தபோதா? தெரியவில்லை.

பங்குனி 21, சனி

அடுப்படியில் எரியாமல் கிடந்த முள்முருக்கங் கட்டைகளை மகள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முட்டுக் கொடுக்கவாம்.

“எடு, எடு,” என்றாள் மார்கிரட். “இந்த வீட்டிலை அடுப்பும் பறக்கட்டும்.”

அறையைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறாள். சாப்பாட்டுக்கும் வருகிறாள் இல்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பறந்தால் அவள் போவாள். பறவாவிட்டால், வேண்டுமென்றே செய்ததென்று சந்தேகம் வந்தால், அப்போதும் போவாள், வேறு விதமாய்.

பங்குனி 28, சனி

உரும்பிராய். கொதிக்கும் வெயில். செம்மண் தரை. இராசநாயகம் வேலியோரம் கைகட்டி நின்றார். நிலவன் நான்கு பேரோடு வந்திருந்தார். வானத்தில் எதுவும் இல்லை. ஆயினும் எல்லோரும் ஒரு தரம் மேலே பார்த்துக்கொண்டோம்.

மகள் உடலை ஏந்திக்கொண்டு, “அப்பு, சிறகைத் தாங்கோ,” என்றாள். சீலையில் சுற்றியிருந்ததைப் பிரித்துச் சிறகைத் தூக்கினேன்.

கை அறிந்துவிட்டது. வடிவம் அதுவே, தாளும் அதுவே, பாரம் வேறு. முள்முருக்கு. என் முகம் மாறியிருக்க வேண்டும். மகள் என்னை நேரே பார்த்தாள், கண் இமைக்கவில்லை. “கவனம் அப்பு, பாத்துத் தாங்கோ,” என்றாள், நாள்தோறும் சொல்வதுபோல.

கொடுத்தேன்.

சிறகைப் பூட்டி, சிறிது தூரம் ஓடி விமானத்தைப் பறக்கவிட்டாள். அது ஒரு தரம் மூக்கை நிமிர்த்திற்று. பிறகு கல்லாய் இறங்கிற்று. சிறகு முறிந்த ஓசை வேலிவரை கேட்டது. வடிவாய் விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ஒருவர் சிரித்தார்.

நிலவன் சிரிக்கவில்லை. முறிந்த துண்டைப் பொறுக்கி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “கப்பல் கட்டை பால்போல வெள்ளை எண்டு சொன்னவை. இது மஞ்சளாய் எல்லோ கிடக்கு?”

இராசநாயகம் தன் வேலியில் நின்ற முருக்கையும் பார்த்தார், துண்டையும் பார்த்தார், வாய் திறக்கவில்லை.

நிலவன் என் பக்கம் திரும்பினார்: “ஐயா, உங்கடை கரையிலை பிணக்கு வந்தால் நீங்கள் பாதம் தொட்டுச் சொல்லுறதுதான் முடிவாம். நாளைக்குப் பூசை முடிய வாறன். இந்தத் துண்டோடை வாறன்.”

திரும்பி வரும் வழியில் மகள் சைக்கிளை மிதித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: “அப்பு, உங்களைப் பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்லை. உண்மையைச் சொன்னாலும் கோவிக்க மாட்டன். உங்கடை சொல் எங்கடை வீட்டுக்கு மட்டும் உரிய சாமானில்லை.”

நல்ல சிறகு எங்கே என்று கேட்க வாய் வந்தது. தெரியாதவனாய் இருப்பதே நல்லது என்று கேளாமல் விட்டேன்.

பங்குனி 29, ஞாயிறு

கோவில். அந்தோனியார் முன்னே நிலவன், கையில் பத்திரிகையில் சுற்றிய துண்டு. வழக்கப்படி சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். பிலிப்பும் கிறிஸ்துநாயகமும் நின்றார்கள்.

பிலிப்பு! தகப்பன் காலந்தொட்டு அந்த மிதப்புகளைக் கையாண்ட மனிதர். அவரை நான் நினைக்கவே இல்லை.

நிலவன் முதலில் அவரிடம்தான் கேட்டார்: “அண்ணை, அந்தக் கட்டையிலை மிச்சம் ஏதும் இருக்கோ, ஒப்பிட்டுப் பாக்க?”

“எல்லாம் மூப்பர் பொறுக்கிக்கொண்டு போட்டார்,” என்றார் பிலிப்பு.

“அப்ப மூப்பர்தான் சொல்ல வேணும்.”

துண்டைப் பிரித்து என் கையில் வைத்தார். கனத்தது. அதைவிடக் கனமான ஒன்றை இந்தக் கை சுமந்ததில்லை. பிலிப்பும் எட்டிப் பார்த்தார். ஒரு பார்வைதான். உடனே நிலத்தைப் பார்த்துக்கொண்டார்.

வலது கையால் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டேன். சனம் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த பாதம், குளிர்ந்திருந்தது.

“இது அந்தக் கப்பல் கட்டைதான். உப்பும் தாரும் ஊறி மஞ்சளாய்ப் போச்சு. அதாலைதான் கனக்குது. இதுக்கு மேலை நல்ல கட்டை இஞ்சை இல்லை.”

குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். இத்தனை காலம் உண்மை சொல்லிப் பழகிய குரல், பொய்க்கும் அதே சீரில் வந்தது.

நிலவன் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “சரி ஐயா. அக்கா படிக்கட்டும். இதாலை எங்களுக்குப் பிரயோசனமில்லை.”

ஆண்டவரை அறியேன் என்று மூன்று முறை சொன்ன இராயப்பருக்குச் சேவல் கூவிற்று. அழுவதற்கு அவருக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்கப்பட்டது. நான் சொன்ன பின்பு ஒன்றும் கூவவில்லை. கிறிஸ்துநாயகம் தோளில் தட்டி, “பரவாயில்லை மூப்பர், அடுத்த முறை பறக்கும்,” என்றான்.

பங்குனி 31, செவ்வாய்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி பாவமன்னிப்புத் தந்தார். மன்னிப்புக் கிடைத்தது. பழைய சொல் திரும்பக் கிடைக்கவில்லை. அதைத் தருவது அவர் கையில் இல்லை.

சித்திரை 8, புதன்

குடாநாட்டை விட்டுப் போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். நான் நின்றேன். அந்த அலுவலகத்தில் நிலவனும் இருந்தார்.

“பரீட்சை முடிய அக்கா வருவாவோ?”

“வருவாள் தம்பி.”

“வராட்டி உங்களைத்தான் கேப்பம்.”

“கேளுங்கோ.”

வரக்கூடாது என்று நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன். இது இரண்டாவது பொய்.

சித்திரை 17, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் மூன்றாம் முறை விழுந்த இடத்தில் முழங்காலிட்டேன். எழும்ப முடியவில்லை. பிலிப்பு கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

சித்திரை 22, புதன்

ஏரி கடக்கும் வள்ளங்கள் புறப்படும் கிளாலிக் கரைவரை மகளோடு போனேன். ஒரு பை, ஒரு தலையணை. தலையணை எதற்கு என்று வீட்டில் கேட்டபோது மார்கிரட் சீறினாள்: “தலையணை இல்லாட்டி பிள்ளைக்கு நித்திரை வராதெண்டு தகப்பனுக்குத் தெரியாதோ?” பிறந்த நாள்முதல் பாயில் கையை மடித்துப் படுத்த பிள்ளை அவள். அடுப்படி மூலையில் இலவம் பஞ்சு ஒரு குவியலாய்க் கிடந்ததைக் கண்டேன். பஞ்சு இருந்த இடத்தில் கழற்றிய சிறகும் உடலும் இருப்பது புரிந்தது; கேளாமல் விட்டேன்.

கரைக்குப் போகும் பாதையில் சோதனை. சீருடை போட்ட பெண்பிள்ளை பையைக் கவிழ்த்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாய் உதறினாள். செபமாலையைக்கூட விரித்துப் பார்த்தாள். பிறகு தலையணையைத் தூக்கினாள்.

நான் சிதறிய புத்தகங்களைப் பொறுக்கக் குனிந்தேன்.

அவள் ஒரு கையால் தூக்கி, “இலவம் பஞ்சோ?” என்றாள்.

“ஓம்,” என்றாள் மக்டலீன்.

“எங்கடை வீட்டிலும் இருந்தது,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாரமில்லாததைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

விடைபெறும்போது மகள் என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “தராசு கவனம்,” என்றாள்.

இருட்டிய பின்தான் வள்ளம் புறப்படுமாம். என்னை நிற்க விடவில்லை.

சித்திரை 23, வியாழன்

ஏரிப் பக்கம் வெடியோசை கேட்டதாம். எந்த வள்ளம் என்று ஒருவருக்கும் தெரியாது. மார்கிரட் இரண்டு செபமாலை சொல்லி முடித்துவிட்டு மூன்றாவதைத் தொடங்கியிருக்கிறாள்.

சித்திரை 27, திங்கள்

வவுனியா போய்ச் சேர்ந்துவிட்டாளாம். வேறொன்றும் தெரியாது. இன்று சோறு இறங்கிற்று.

ஆனி 15, திங்கள்

பரீட்சை முடிந்து நாளாகிறது. சோளகக் காற்று வீசுகிறது. படலை அசையும்போதெல்லாம் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். நிலவன் இன்னும் வரவில்லை. வருவார்.

காலையில் இராசநாயகம் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வந்தார். கத்தரிக்காய் ஒரு பை கொடுத்தார். மார்கிரட் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்: “ஏரி கடந்து வந்த ஆள் ஒருவர் சொன்னவர். உங்கடை பிள்ளை சொல்லச் சொன்னதாம். பறந்ததாம். புல்வெளி முடிஞ்ச பிறகும் நிக்காமல் பறந்ததாம்.” அவர் போனபின் அடுப்படிக்குப் போய் மார்கிரட்டிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காயை அறுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் பிலிப்பு வந்தார். வாடி எல்லையில் வேறொரு சம்மாட்டியோடு பிணக்காம். நாளைக்கு அந்தோனியார் முன் வந்து சொல்ல வேண்டுமாம்.

“இனி என்னைக் கேளாதையும் பிலிப்பு. வேறை ஒருவரை மூப்பராய் வையுங்கோ.”

“ஏன்? உங்கடை சொல் எனக்குப் போதும்.”

“வயது போச்சு. ஒண்டும் ஞாபகத்திலை நிக்குதில்லை,” என்றேன்.

மூன்றாவது.

பிலிப்பு வற்புறுத்தவில்லை. படலைவரை போனவர் திரும்பி வந்து, “பிள்ளை எப்பிடி?” என்று கேட்டார்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். கை தானாக மேலே எழும்பிற்று, அன்றைக்கு அவர் வாடியில் எழும்பியதுபோல. “பறந்ததாம்,” என்றேன்.

அவர் முகம் முழுதும் விரிந்தது. “பின்னை என்ன? என்ரை கட்டையெல்லோ!”

“மெல்லக் கதையும்,” என்றேன். ஒழுங்கையால் ஒரு சைக்கிள் போயிற்று. அது தூரத்தில் தேயுமட்டும் இருவரும் படலைக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றோம்.